ஆஃபர் லெட்டர் உங்க கையில... பணம் யார் கையில?

கீரனூர்ல திருச்சி பஸ் ஏறி ஜன்னலோரமா உட்கார்ந்தீங்கன்னா, முதல்ல பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோட வாசல் வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனா விமான நிலையம். ஒரே ரோடு, ஒரே பஸ், ரெண்டு ஸ்டாப்பிங். டிகிரியை முடிச்சுட்டு 'அடுத்து என்ன?'ன்னு யோசிக்கிற இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் நிக்குது. பல்கலைக்கழக வாசலில் இறங்குவதா, விமான நிலையம் வரைக்கும் டிக்கெட் எடுப்பதா?

நீங்களும் அந்த பஸ்ஸில் இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். போனில் மூணு மெசேஜ். பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒண்ணு, ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கொடுத்து 'டெபாசிட் கட்டுங்க'ன்னு சொல்லுது. அமெரிக்காவிலிருந்து பிஎச்.டி ஆஃபர், ஸ்டைபண்டோடு. உள்ளூர் பேராசிரியர், 'வாம்மா, சேர்ந்துக்கலாம், ஃபெலோஷிப் வந்துடும்'னு வாய்ஸ் நோட் போட்டிருக்கார். ஒருத்தருக்கே மூணும் வர்றது அபூர்வம்தான். ஆனா, எது வந்தாலும் அதில் ஒரு வரி ஒளிஞ்சிருக்கும்: 'நிதி இருப்பைப் பொறுத்து.'

பல்கலைக்கழகத்தோட பேரையும் ரேங்கையும் வீட்டில் எல்லாரும் படிச்சுடுவாங்க. இந்த வரியை மட்டும் யாரும் படிக்க மாட்டாங்க. கல்லூரி சேர்க்கை விஷயத்தில் இப்போ நான் முதலில் படிக்கச் சொல்வது இந்த வரியைத்தான்.

106 பேர் தேர்வு, 40 பேருக்கு மட்டும் கடிதம்

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்க. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களிலிருந்து வெளிநாட்டில் முதுகலையோ பிஎச்.டியோ படிக்கப் போகிறவர்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் கொடுப்பது, நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப். ஆண்டுக்கு 125 இடம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்கணும், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்கணும். 2025-26க்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் முதல் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு என்ன பதில்? நிதி இருந்தால் வழங்கப்படலாம்.

'வழங்கப்படலாம்' என்ற சொல்லை வெச்சு விசா வாங்க முடியாது. செப்டம்பரில் வகுப்பு. ஜூலையில் இந்த பதில். நடுவில் டெபாசிட், விசாக் கட்டணம், மருத்துவச் சேவைக் கட்டணம் என்று பணம் போய்க்கிட்டே இருக்கும். பிரிட்டனுக்கு அந்த மருத்துவக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 776 பவுண்டு, நம்ம காசில் 90,000 ரூபாய் அளவில். இதையெல்லாம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் யாரும் மார்க் குறைஞ்சவங்க இல்லை. தேர்வானவங்க. பட்டியலில் 40-வது பெயருக்குக் கீழே இருந்தாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கு, அது பலர் கண்ணில் படுவதில்லை. பணம் வந்தாலும் எவ்வளவு வரும்? இந்த உதவித்தொகை பிரிட்டனில் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக்காகக் கொடுப்பது வருடத்துக்கு 9,900 பவுண்டு. பிரிட்டன் விசா விதியே, லண்டனில் படிக்கிற மாணவருக்கு மாதம் 1,529 பவுண்டு வேணும்னு கணக்குப் போடுது, 2025 நவம்பரிலிருந்து. ஒன்பது மாதத்துக்கே 13,761 பவுண்டு. லண்டனுக்கு வெளியே மாதம் 1,171, ஒன்பது மாதத்துக்கு 10,539. அதாவது, அந்த நாட்டு அரசு ஒன்பது மாதத்துக்குக் குறைந்தபட்சம் என்று சொல்லும் தொகையைவிட, நம்ம அரசு பன்னிரண்டு மாதத்துக்குத் தருவது கம்மி. இதனால் ஸ்காலர்ஷிப்பே வேஸ்ட்னு நான் சொல்லவில்லை. கல்விக் கட்டணம் முழுசா அதில் அடங்கும், அதுதான் பெரிய பாரம். ஆனா லண்டனா, லீட்ஸா, கிளாஸ்கோவா என்று முடிவெடுக்கும்போது ரேங்க் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வெச்சுக்குங்க. (விண்ணப்பிக்கும் முன் விதிமுறையைக் கடைசிப் பக்கம் வரை படிங்க. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று 2022-ல் ஒரு விதி சேர்த்தாங்க. 'எங்க ஊர் கண்மாய்களோட வரலாறு'ன்னு ஆய்வுத் தலைப்பு எழுதி அனுப்பினா அங்கேயே நின்னுடும்.)

தமிழக அரசுக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் உண்டு: அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்றுக்கு நீங்க ரொம்ப தூரம் அலைய வேண்டாம், குளத்தூர் தாலுகா அலுவலகம் கீரனூரிலேயேதான் இருக்கு. இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டுக்கும் போடுங்க. ஒண்ணு கிடைச்ச பிறகு இன்னொண்ணை விட்டுக்கொடுக்கலாம். ஒண்ணை மட்டும் நம்பி நிக்கிறதுதான் ஆபத்து.

அமெரிக்க ஆஃபரில் எதைக் கேட்கணும்?

'பிஎச்.டிக்கு அமெரிக்கா போனா காசு அவங்களே தருவாங்க'ன்னு நம்ம சீனியர்கள் சொன்னது பொய்யில்லை. பல வருஷம் அப்படித்தான் நடந்தது. 2025-ல் அது ஆட்டம் கண்டது. பிப்ரவரியில், ஆராய்ச்சி நிதியோடு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் மறைமுகச் செலவுத் தொகையை 15 சதவிகிதத்துக்குள் சுருக்குவதாக தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தது. ஆனா, தடை வருதா இல்லையான்னு காத்திருக்க முடியாத பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைக்க ஆரம்பிச்சாச்சு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, பிஎச்.டி மாணவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த ஆஃபர்களையே அந்த மார்ச்சில் திரும்பப் பெற்றது. மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையும் சில வாரம் நிறுத்தினார்கள்.

ஸ்டைபண்ட் என்று ஒரே வார்த்தையில் சொல்றோம். அது எந்தப் பையிலிருந்து வருது என்பதில்தான் விஷயமே இருக்கு. ஆய்வு உதவியாளர் வேலைன்னா, பெரும்பாலும் பேராசிரியர் வாங்கி வெச்சிருக்கும் மத்திய அரசு நிதியிலிருந்து. அந்த நிதி நின்னா உங்க சம்பளமும் நிற்கலாம். பாடம் எடுக்கும் உதவியாளர் வேலைன்னா, பல்கலைக்கழகம் வகுப்பு நடத்த ஒதுக்கும் பணத்திலிருந்து. முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித்தர யாராவது வேணுமே. அதனால் இது கொஞ்சம் கெட்டி. பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கும் ஃபெலோஷிப் இன்னும் கெட்டி. ஆஃபர் மெயிலில் 'ஐந்தாண்டு ஆதரவு'ன்னு இருந்தா, அது உத்தரவாதமா, எதிர்பார்ப்பா? பேராசிரியரின் நிதி முடிஞ்சா துறை பொறுப்பேத்துக்குமா? கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா? இதையெல்லாம் கேட்டு ஒரு மெயில் போடுங்க. 'கேட்டா தப்பா நினைப்பாங்களோ'ங்கிற கூச்சம் நமக்கு நிறைய. அங்கே இது சாதாரணக் கேள்வி. பதில் எழுத்தில் வரணும், வீடியோ காலில் சிரிச்சுக்கிட்டே சொன்னது கணக்கில் வராது.

நிதியுதவியோடு வரும் ஆஃபர்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அங்கே நிறைய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கு. உங்க பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கான்னு பாருங்க. இருந்தா, 'மூணு நாளில் சொல்லு'ன்னு வரும் மெயிலைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஜெர்மனி மாதிரி நாடுகளில் பிஎச்.டி பெரும்பாலும் வேலை ஒப்பந்தமாவே வரும். எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம்னு மட்டும் பாருங்க, அதுபோதும்.

வயல் இருக்கே, லோன் போடலாம்ல?

ஸ்காலர்ஷிப் இழுத்தடிச்சா வீட்டில் அடுத்து வரும் பேச்சு லோன். அப்பா தைரியமா சொல்வார்: "நமக்குத்தான் நிலம் இருக்கேப்பா." இங்கேதான் பல குடும்பங்கள் முதல் அடி வாங்குது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஜாமீன் தேவையில்லை. 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்புன்னா அந்த எல்லையை முதல் செமஸ்டரிலேயே தாண்டிடுவோம். சரி, அந்த மூணு ஏக்கரைக் காட்டலாமே? கடன் திரும்ப வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருவது 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்தைத் தொடக்கூடாது என்கிறது. விவசாயியைக் காப்பாற்ற எழுதிய விதி, நல்ல விதி. அதனாலேயே கல்விக் கடனுக்கு வயலை அடமானமாக வாங்க வங்கிகள் பெரும்பாலும் முன்வருவதில்லை. மானாவாரி நிலமும் கண்மாய்ப் பாசனமுமா இருக்கும் நம்ம பக்கத்தில், 'சொத்து இருக்கு'ன்னு நம்பிக்கிட்டிருக்கும் குடும்பத்துக்கு வங்கி மேனேஜர் அறையில்தான் இது தெரியவரும்.

அப்போ மிச்சம் இருப்பது வீடு. அதுவும் தாத்தா பேரில் கூட்டுப் பட்டாவா இருந்தா, சித்தப்பாவும் அத்தையும் வந்து கையெழுத்துப் போடணும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து, பாகப்பிரிவினைப் பேச்சு கிளம்பி, பத்து வருஷமா தூங்கிக்கிட்டிருந்த சண்டை எழுந்திருக்கும். இது படிப்புச் செலவுக் கணக்கில் எந்த எக்செல் ஷீட்டிலும் வராது.

கணக்கையும் போட்டுடுவோம். 30 லட்சம் ரூபாய் கடன், 11 சதவிகித வட்டி, ஒரு வருடப் படிப்பு, அதுக்குப் பிறகு ஒரு வருட அவகாசம்னு வெச்சுக்குங்க. மொத்தப் பணத்தையும் தொடக்கத்திலேயே எடுத்திருந்தா, அந்த ரெண்டு வருஷத்துக்குத் தனிவட்டியே 6.6 லட்சம். அசலோடு சேர்த்து 36.6 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் இ.எம்.ஐ. லண்டனில் வேலை கிடைச்சா கட்டிடலாம். ஆனா படிப்பு முடிஞ்சு பிரிட்டனில் தங்கி வேலை தேடத் தரும் இரண்டு வருட அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதமாகக் குறையுது. அமெரிக்காவில் எச்-1பி புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு 2025 செப்டம்பரில் அறிவிச்சாங்க. அங்கேயே படிச்சு முடிச்சு விசா மாத்துறவங்களுக்கு அது பொருந்தாதுன்னு அடுத்த மாதமே விளக்கம் வந்தது. ஆக, விதி ஒரே மாதத்தில் ரெண்டு தடவை மாறுது, நம்ம இ.எம்.ஐ மட்டும் பத்து வருஷத்துக்கு மாறாது.

ரூபாயையும் மறந்துடாதீங்க. 2024 தொடக்கத்தில் டாலர் 83 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 30,000 டாலர் கட்டணம்னா, பல்கலைக்கழகம் ஒரு டாலர்கூட ஏத்தாமலே நமக்கு 2 லட்சத்துக்கு மேல் கூடிடுச்சு.

என் கருத்தைக் கேட்டா, கடன் வாங்கி பிஎச்.டிக்குப் போகாதீங்க, எந்த நாடா இருந்தாலும் சரி. ஐந்து வருஷ வேலைக்கு நாமே காசு கொடுத்துப் போவதில் அர்த்தமில்லை. முதுகலைக்குக் கடன் வாங்கலாம், ஒரே ஒரு சோதனையோட: படிச்சுட்டு ஊருக்கே திரும்பி, திருச்சியிலோ சென்னையிலோ கிடைக்கிற சம்பளத்தில் அந்த இ.எம்.ஐ-யைக் கட்ட முடியுமா? முடியும்னா போங்க. முடியாதுன்னா, அந்த ஆஃபரில் நீங்க படிப்பை மட்டும் பணயம் வைக்கல, அம்மா சமைக்கிற வீட்டையும் சேர்த்து வைக்கிறீங்க.

உள்ளூர்னா பத்திரமா?

'அப்போ பேசாம பாரதிதாசன்லயே சேர்ந்துடலாம், ஜே.ஆர்.எஃப் வருமே'ன்னு தோணும். ஜே.ஆர்.எஃப் இப்போ மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து. இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தால் வீட்டுக்குக்கூட ஒரு தொகை கொடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் கடன் வாங்கிப் போகும் லண்டனைவிட இது எத்தனையோ மேல்.

ஆனா இங்கேயும் அதே வரிதான். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022 டிசம்பரில் நிறுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. 'ஏற்கெனவே வாங்குறவங்களுக்குத் தொடரும்' என்றார்கள். 2025-ல் அப்படித் தொடர்ந்து வாங்கிக்கிட்டிருந்தவங்களுக்கே மாதக்கணக்கில் பணம் வரவில்லை. அறிவியல் மாணவர்களுக்கான இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பிலும் அதே வருஷம் இதே புகார். பணம் கடைசியில் மொத்தமா வந்துடும்தான். ஆனா ஹாஸ்டல் மெஸ்ஸில் மொத்தமாச் சாப்பிட முடியாதே.

அதனால் சேரும் முன் நீங்க பார்க்க வேண்டிய ஆள் பேராசிரியர் இல்லை, அதே லேபில் மூணாவது வருஷம் இருக்கும் அக்காவோ அண்ணனோதான். டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரே கேள்வி கேளுங்க: "அண்ணே, கடைசியா எந்த மாசத்து ஃபெலோஷிப் வந்திருக்கு?" 'போன மாசம்'னு பதில் வந்தா சேரலாம். 'அது... போன வருஷம் தீபாவளிக்கு...'ன்னு இழுத்தா, குறைஞ்சது ஆறு மாசச் செலவுக்குக் கையில் இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் சேருங்க. வெளிநாட்டு லேபுக்கும் இதே கேள்விதான். அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை லிங்க்ட்இன்ல பிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை.

இப்போ முடியலைன்னா?

அந்தத் தமிழகத் திட்டத்துக்குப் பேராக இருப்பவரின் கதையையே எடுத்துக்குவோம். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. அதில்தான் 1913-ல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும் முன் ஒரு காரியம் செய்தார்: நான்கு வருடத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கி வைத்தார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் எடுத்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்துக்கொண்டு 1920-ல் திரும்பிப் போனார். 1923-ல் டி.எஸ்ஸி பட்டம்.

அந்த அனுமதிக் கடிதத்துக்கு இன்னிக்குப் பேர் 'டிஃபரல்'. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க விடும். கேட்டால்தான் கிடைக்கும், டெட்லைன் முடியறதுக்குள் கேட்கணும். இடத்தைத் தள்ளிவைத்தாலும் அந்தப் பல்கலைக்கழகம் தந்த கட்டணச் சலுகை கூடவே வருமா என்பதைத் தனியாகக் கேளுங்க. பல இடங்களில் வராது. கட்டிய டெபாசிட், ஸ்காலர்ஷிப் கிடைக்காமல் போனால் திரும்ப வருமா என்பதையும். விசா மறுக்கப்பட்டால் தருவோம்னு போட்டிருக்கும் பல இடங்கள், நிதி கிடைக்காததைக் காரணமா ஏத்துக்காது.

'கிடைச்சதை விட்டுடாதே, அடுத்த வருஷம் யார் கண்டா'ன்னு வீட்டில் யாராவது ஒரு மாமா சொல்வார். அவர் அன்பாத்தான் சொல்றார். ஆனா வங்கியில் கையெழுத்துப் போடப்போவது அவரில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு மெயில்தான். 'உங்கள் ஆஃபருக்கு நன்றி. என் அரசு உதவித்தொகை முடிவு ஜூலையில்தான் தெரியும். டெபாசிட் கட்டும் கடைசி நாளை நீட்டிக்க முடியுமா, முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா?' நாலு வரி. பதில் வரும் வரைக்கும் அப்பாகிட்ட சொல்லி வைங்க, பத்திரத்தை பீரோவிலிருந்து இப்போ எடுக்க வேண்டாம்னு.